ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொன்ன பொய்

செல்வராசுவுக்கு அம்மா எழுதுவது. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன்னையும் உன் பெண்டாட்டியையும் பேத்தியையும் கண்ணால் பார்த்தேன், என் கையால் சோறு போட்டேன். நீங்கள் கடலூர் வண்டி ஏறிப் போனதிலிருந்து மூன்று நாளாக ஒரே விஷயம் எனக்குள் புரண்டுகொண்டு கிடக்கிறது. நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மச்சான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரில் உன்னைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதுவும் தவிர, உன்னைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைச் சொல்ல வேண்டும். அதை அவன் காதில் போட எனக்கு இஷ்டமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரைக்கும் படி.

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நம்ம ஆபீசுக்கு ஒருத்தன் வந்துருக்கான் மச்சான். ஒரு வருசம் ஆவல, இன்னும் பர்மனென்ட்டும் ஆவல. என்னாண்டையே வந்து கேக்குறான், சார், வர்ற மனுவ எல்லாம் மூணு ரிஜிஸ்டர்ல ஏத்துறோமே, இந்த மூணாவத யாரு படிக்கிறாங்கன்னு." உன் மச்சான் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. அந்த மூன்றாவது ரிஜிஸ்டரை நாலு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்தவன் நீ. அதற்காக மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டியதை எனக்குக் கார்டில் எழுதிப் போட்டாயே, அந்தக் கார்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பையன் கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு மாசம் முழுக்க அதில் எழுதாமலே விட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு ஆள்கூடத் தேடவில்லை என்று மாசக் கடைசியில் உன் மேசைக்கு வந்து அவனே சொல்லியிருக்கிறான். "கீழ்ப்படியாத ஆளுன்னு எழுதி டிராயர்ல வச்சிருக்கேன். திங்கக்கெழம மேல அனுப்புனா அவன் வீட்டுக்குத்தான் போவணும்" என்று நீ சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது பார், அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நீ காலேஜில் இரண்டாம் வருஷம். கீழவீதிக்குப் பின்சந்தில் இருந்த அச்சகத்தில் நான் பைண்டிங் பக்கம் இருந்தேன். அம்மா அச்சாபீசில் வேலை செய்தாள் என்பதுதான் உனக்குத் தெரியும், என்ன வேலை என்று நீ கேட்டதேயில்லை. அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதைப் பாரம் என்போம். ஒரு பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு ஒன்பது பாரம், பத்துப் பாரம் இருக்கும். நீளமான மேசையில் ஒவ்வொரு பாரத்தையும் தனித்தனி அடுக்காக வரிசையாய் வைத்துவிடுவோம். பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அந்த மேசையைச் சுற்றி நடப்பார்கள். நடந்தபடியே அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனால் மேசைக் கடைசியில் கையில் ஒரு புத்தகம் சேர்ந்திருக்கும். அதை வைத்துவிட்டு மறுபடியும் தலைமாட்டுக்கு வந்து நடக்க வேண்டும். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் சுற்றுதான். இதில் ஒரு விஷயம், நடுவில் ஒருத்தி நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதனால் எங்கள் மேஸ்திரி துரைக்கண்ணு வாயில் எப்போதும் ஒரே பேச்சுதான்: "நிக்காத, நட." எடுத்த பாரம் சரியா, இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டும். அங்கே யாரும் நிற்கக் கூடாது. அந்த இடத்தில் யோசிப்பது என்றால் நிற்பது என்றுதான் அர்த்தம்.

நான் சுற்றில் ஒன்பது வருஷம் நடந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஸ்டூல் கிடைத்தது. சேர்த்துக் கொண்டுவரும் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, பாரத்தின் அடியில் சின்னதாக அடித்திருக்கிற எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வருகிறதா என்று புரட்டிப் பார்த்துத் தையலுக்கு அனுப்புகிற வேலை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஒரே பொம்பளை நான்தான். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு அது என்ன என்று உனக்குப் புரியாது, உனக்கு முதல் நாளே நாற்காலி போட்டுவிட்டார்கள். என் கால் வீக்கம் அந்த ஸ்டூலுக்குப் பிறகுதான் வடிந்தது. ஆனால் இரண்டே வருஷத்தில் என் கண் மங்க ஆரம்பித்தது. எண் எறும்பு மாதிரி ஊர்ந்தது. தாளைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தால் கொஞ்சம் தெரியும். கண்ணாடி போட்டால் விஷயம் வெளியில் தெரிந்துவிடும் என்று பயந்து, புத்தகத்தின் கனத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே தள்ளிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவனம் வேலைக்கு வந்தாள். உனக்கு அவளை நன்றாகத் தெரியும், நீ மறந்திருக்க மாட்டாய். கடலூர் பக்கம் குடிகாடு என்கிற ஊர்ப் பெண், இங்கே வாக்கப்பட்டு வந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அஞ்சாவது பாஸ். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு தாளை மடிப்பாள் பார், நாங்கள் ஒன்று மடிப்பதற்குள் அவள் இரண்டு. அதையாவது கையோட்டம் என்று விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஏன் என்று கேட்பாள். ஏன் இந்த அடுக்கை ஜன்னல் பக்கம் வைக்கிறோம், காத்துல தாள் வளையுதே. ஏன் பசையை முதல் நாளே காய்ச்சுறோம். சும்மா சொல்லக் கூடாது, அவள் கேட்டதெல்லாம் சரி என்றும் இல்லை. பசையில் மயில்துத்தம் எதற்கு என்று கேட்டு, ஒருதரம் போடாமல் விட்டுப் பார்த்ததில் கரப்பான் பூச்சி ஐம்பது அட்டையைத் தின்றுவிட்டது. அந்த ஐம்பது அட்டையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. என் புத்தி அப்படி, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒருநாள் நீ என்னை அழைத்துப்போக சைக்கிளில் வந்து வாசலில் நின்றாய். அவள் உன்னிடம் கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, கடல் உப்பு ஆத்துத்தண்ணி வழியாத்தான் வருதுன்னு பூகோளப் புத்தகத்துல போட்டுருக்கு. அப்ப ஆத்துத்தண்ணி ஏன் கரிக்கல?" நீ அரைமணி நேரம் அங்கேயே நின்று அவளோடு பேசினாய். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வீடு வரைக்கும் அதே பேச்சு. சாப்பிடும்போதும், "அம்மா, அந்த அக்கா கேட்ட கேள்விய எங்க காலேஜுல ஒருத்தனும் கேக்கல" என்றாய். உன் புத்தகத்துக்காகத்தான் நான் ஒன்பது வருஷம் சுற்றினேன். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று நீ என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கத் தெரியவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. அன்றைக்கு வயிற்றில் பிடித்த நெருப்பு அது. ஏழு வருஷம் ஆகிறது, இதை எழுதும்போதுகூடச் சுடுகிறது.

பிறகு ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம்தான், ஏகப்பட்ட புத்தகம் குவிந்து கிடந்தது. சோத்துவேளையில் எல்லாரும் கிணற்றடிக்குப் போயிருந்தபோது பூங்காவனம் மட்டும் மேசையடியில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது ஒவ்வொரு பாரத்து அடுக்கையும் இறுக்கிக் கட்டி, மடிப்பு முதுகில் ஊதா அச்சு மையால் விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்திருந்தாள். முதல் பாரத்துக்கு மேலே, இரண்டாவதற்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவதற்கு இன்னும் கீழே. பாரங்களைச் சேர்த்து அவள் புத்தகத்தின் முதுகைத் திருப்பிக் காட்டியபோது கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஒரு பாரம் விட்டுப்போனால் ஒரு படி இல்லை. இரண்டு வந்துவிட்டால் ஒரே படி இரண்டு தரம். யாரும் புரட்ட வேண்டாம், எண்ணைப் படிக்க வேண்டாம், நடக்கிற நடையிலேயே தெரியும். பார்த்த அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தக் கூடத்தில் யாருக்கும் தோன்றாதது. எனக்குத் தோன்றாதது.

மேஸ்திரி வந்தார். அவருக்கும் புரிந்தது, புரியாமல் இருக்க அவர் முட்டாள் இல்லை. ஆனால் அவர் கண் தையலுக்குப் போகக் காத்திருந்த குவியல் பக்கம் போனதைப் பார்த்தேன். தப்புப் புத்தகம் வந்தால் அச்சு மிஷின்காரர்கள் மேல் பழியைப் போட்டுத்தான் அவர் முதலாளியிடம் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். இந்தக் கோடு வந்துவிட்டால் தப்பு எந்த மேசையில் நடந்தது என்று பளிச்சென்று தெரிந்துபோகும். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பூங்காவனம் என்னைக் கைகாட்டி, நல்ல மனதோடுதான் சொன்னாள்:

"யக்காவுக்குக் கண்ணு செரியா தெரியல, தூரமாத் தூரமாப் புடிச்சுப் பாக்குறாங்க. அதப் பாத்துத்தான் எனக்கு இது தோணுச்சு. இப்புடி இருந்தா அவுங்களுக்கும் சுலுவா இருக்கும்."

ஏழு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக நான் கட்டைவிரலுக்குள் ஒளித்து வைத்திருந்ததை அவள் உதவி என்று நினைத்து நடுக்கூடத்தில் போட்டு உடைத்தாள். மேஸ்திரி என்னைக் கேட்டார். "நீதான இதுல பழம் தின்னு கொட்ட போட்டவ. நீ சொல்லு. இது தாங்குமா?"

அவருக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியதும் அதேதான். "இப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றேன். "மழக்காலத்துல மை ஊறி உள்பக்கம் பூரா எறங்கிடும். பொஸ்தகம் அத்தனையும் பாழு." அச்சு மை ஊறாது. அது எனக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. திறந்து தண்ணீர் தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அவர் திறக்கவில்லை. மழைக்காலத்துக்கு இன்னும் நாலைந்து மாசம் இருந்தது, அதுவரைக்கும் என் பேச்சைப் பொய் என்று யாரும் காட்ட முடியாது. அதைக் கணக்குப் பண்ணித்தான் மழைக்காலம் என்றேன். பூங்காவனம் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. "யக்கா, நீ மெய்யாலுமேதான் சொல்றியா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்ட கேள்விகளிலேயே சுலபமான கேள்வி அதுதான். ஆமாம் என்றேன்.

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள், கேள்வி கேட்டால் துரத்திவிடுவார்கள் என்று. அவ்வளவு நல்ல கையை யார் விடுவார்கள்? கை வேண்டும், அதோடு வந்த மற்றது வேண்டாம், அவ்வளவுதான். அவள் வாய் திறந்தாலே சுற்றில் இருந்த பொம்பளைகள், "வந்துட்டாங்கடி கலெக்டரு" என்று ராகம் போட ஆரம்பித்தார்கள். முதலில் ஆரம்பித்தது நான். ஐப்பசி மழை வந்தது, போனது. அவள் கோடு போட்ட புத்தகம் ஒன்றைத் தையல்காரன் முட்டுக்கொடுக்க வைத்திருந்தான், அதில் ஒரு துளி மை இறங்கவில்லை. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன், மேஸ்திரியும் பார்த்தார். அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

தை மாசம் ஒருநாள் ஸ்டூலில் இருந்தபடி அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அவளைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரே பாரம் இரண்டு அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அவளுக்குத் தெரிந்தது, கை ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டையும் அப்படியே சேர்த்துக்கொண்டு நடந்தாள். அந்தப் புத்தகம் என்னிடம் வந்தபோது கட்டைவிரலிலேயே கனம் தெரிந்தது. "பூங்காவனம், ரெண்டு வந்துருக்கு பாரு" என்றேன். அவள் நிற்காமலே சொன்னாள்: "சுத்துல நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா." குத்திக்காட்டவில்லை. வெறும் பேச்சாகத்தான் சொன்னாள். அந்த வாரம் மேஸ்திரி எல்லார் எதிரிலும், இப்பத்தான் நீ நல்ல வேலக்காரி ஆயிருக்க என்று அவளைப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சிகூட எனக்குப் பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். வருஷம் திரும்புவதற்குள் அவள் புருஷனோடு பிறந்த ஊர்ப் பக்கமே போய்விட்டாள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடமும்தான்.

அவள் எங்கேயோ இன்னும் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கேட்பதை விட்டிருப்பாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான் அந்த ஸ்டூலில் இன்னும் இரண்டு வருஷம் பயந்து பயந்து உட்கார்ந்தேன். எத்தனை தப்புப் புத்தகம் என் விரலைத் தாண்டிப் போயிற்றோ, எந்தப் பிள்ளை நடுவில் பதினாறு பக்கம் இல்லாமல் பரீட்சைக்குப் படித்ததோ. கண் கெட்டவளுக்கு அந்த ஊதாப் படிக்கட்டை விடப் பெரிய உபகாரம் இருந்திருக்க முடியாது. அதை எட்டி உதைத்தவள் நான்தான், வேறு யாரும் இல்லை.

ரொம்ப நாள் இதையெல்லாம் முதலாளிகள் குணம் என்று நினைத்திருந்தேன். அந்த முதலாளி பைண்டிங் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. மேஸ்திரிக்குப் பயம், ஆனால் அவரும் தானாக வேண்டாம் என்று சொல்லவில்லை; விஷயம் தெரிந்த ஒருத்தி வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தார். புத்தியுள்ளவர்களைப் பார்த்துப் பார்த்து வேலைக்கு எடுக்கிறார்கள். அப்புறம் அந்தப் புத்தியை அமுக்க இன்னொரு புத்தியுள்ளவரைத்தான் கூப்பிடுகிறார்கள். முட்டாள் சொன்னால் எடுபடாது, செல்வராசு. அந்தப் பையன் கேட்டது ரிஜிஸ்டரைப் பற்றி. உன் காதில் விழுந்தது உன் நாலு வருஷத்தைப் பற்றி. அவள் காட்டியது மைக்கோடு, எனக்குத் தெரிந்தது என் ஒன்பது வருஷம் வீண் என்று. வீண் ஒன்றும் இல்லை, அன்றைக்கு யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். உன்னை மேஸ்திரி என்று திட்ட வரவில்லை. அவருக்கு இருந்தது பிழைப்புப் பயம், அதைக்கூட மன்னிக்கலாம். உனக்கு இருப்பது என்னுடையது. அந்தப் பையன் உன்னைவிடச் சூட்டிகை. நீ இரண்டு பரீட்சை எழுதி ஏறிய இடத்துக்குக் கீழே நின்றுகொண்டே அவன் ஒரு மாசத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். எரிகிறது. இல்லை என்று சொல்லாதே, நான் பெற்றவள்.

எரிச்சலை விடு என்று நான் எழுதமாட்டேன். அது போகாது, எனக்குப் போகவில்லை. ஒருவேளை அவன் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம், அந்த மூன்றாவது ரிஜிஸ்டரை வருஷத்துக்கு ஒருதரம் யாராவது தேடுவார்களோ என்னவோ, எனக்கென்ன தெரியும் உங்கள் மஞ்சக்குப்பத்து ஆபீஸ் சமாசாரம். நாலு வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். சொல்லாமல் எழுதாமல் விட்டதற்காக அவனைத் திட்டு, திட்ட வேண்டியதுதான். திட்டுவது வேறு, அவன் சோற்றில் கைவைப்பது வேறு. செம்மண்டலத்திலோ எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் அவனைப் பெற்றவள் இருப்பாள். என் பிள்ளைக்குக் கவர்மென்ட் உத்தியோகம் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருப்பாள். அவளை நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது, அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறாளே என்று. நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

திங்கட்கிழமை காலையில் நீ டிராயரைத் திறப்பாய். இந்தக் கடிதம் சனிக்கிழமையே வந்துவிடும், வரவில்லை என்று சாக்குச் சொல்லாதே, தபால்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் போடுகிறேன். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். நீ எழுதினால் அழகாக எழுதுவாய், நான் நம்பிவிடுவேன். எழுதி வைத்த அந்தத் தாளைக் கிழித்து, துண்டுகளை ஒரு கவரில் போட்டு எனக்கு அனுப்பு. உன் கையெழுத்து இருக்கிற துண்டும் அதில் இருக்க வேண்டும்.

அம்மா